மெசினில் ஒட்டாத பெயர்

ராசா, நீ ஓடென்ச நகரில் இறங்கிவிட்டதாக அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னாய். என்னோடு கதைக்க வேண்டும் என்று நீ கேட்கவில்லை. நானும் ரிசீவரை வாங்கவில்லை. புது வேலைக்கென்று நீ முதன்முதலாக வீட்டைவிட்டுப் போன நாளில், நம் ஊர் ரண்டர்ஸ் ரெயில் நிலையத்தில் நாம் இரண்டு பேரும் குளிரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு நின்றோம். கையுறை எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தேன் என்றாய். பிறகு ரெயில் வந்துவிட்டது. சொல்ல வேண்டியது அதுவல்ல என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாய்க்கு வருகிற அளவுக்குக் கைக்கு வராது. இதை உனக்கு அனுப்புவதோடு நமது பங்குக் கோயிலின் மலருக்கும் கொடுக்கப்போகிறேன். அப்பா கேட்டுச் சிரித்தார். "என்னப்பா, தாயும் மோனும் சண்டை பிடிச்சதைப் பேப்பரிலை போடப் போறீரோ?" என்றார். "பூசைக்கு வந்த சனம் முழுக்கச் சண்டையைப் பாத்தது தானே. மிச்சத்தையும் பாக்கட்டும்" என்றேன். ஆகையால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். அது மலரை வாசிக்கிற மற்றவர்களுக்காக. நீ பொறுத்துக்கொள்.

நீ மெசின் திருத்துகிற வேலை பழகிய ஆஸ்பத்திரி, பாவனையிலிருந்து எடுத்த மூன்று மெசின்களைத் தந்தது. தொய்வு வந்து மூச்சு இழுக்கிறவர்களுக்கு மருந்தைப் புகைபோல ஆக்கி முகமூடி வழியாகக் கொடுக்கிற மெசின்கள். கேட்டு வாங்கியவன் நீதான். கழற்றிப் பார்த்து, நன்றாக ஓடுகின்றன என்று சொன்னவனும் நீதான். மன்னார்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு சின்ன மருந்தகத்துக்கு அவற்றை அனுப்ப, பங்குச் சபைத் தலைவர் சூசை அண்ணை ஒழுங்கு செய்தார். நான் ஒரு பித்தளைத் தகடு செய்வித்தேன். "எங்கள் செல்வ மகள் ஜெனிற்றாவின் நினைவாக." இங்கே டென்மார்க்கில் கடைக்காரனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுத்ததைப் படம் பார்த்துக் கீறுவதுபோலக் கீறி, வெட்டித் தந்தான். உன் தங்கைக்கு நான் ஒரு கல்லறையும் கட்டவில்லை. அவளைப் புதைத்த இடத்துக்கு இப்போது போகவும் முடியாது. அவள் பெயர் எழுதிய ஒரு பொருள் இந்த உலகத்தில் எங்கேயாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை அவ்வளவுதான்.

மெசின்களைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவந்த அன்று, பூசை முடிந்து எல்லாரும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டு நிற்கையில், தகட்டை எடுத்து மெசினில் வைத்துப் பார்த்தேன். நீ வந்து என் கையைப் பிடித்தாய்.

"அம்மா, உதை ஒட்ட வேண்டாம்."

"ஏன்?"

"பேர் ஒட்டின சாமானை அங்கை ஒருதரும் பாவிக்கமாட்டினம். துடைச்சுத் துணி போட்டு அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுவினம்."

சூசை அண்ணை இடையில் வந்தார். "தம்பி, தாய் மனசை நோகடியாதை. ஒரு தகடு தானே. மெசின் என்ன, பாரம் தாங்கேலாதெண்டு அழப்போகுதோ?" சனம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "தகடு மட்டுமில்லை அண்ணை. உதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் அங்கை இருக்கோ, மாத்திறதுக்குக் குழாயும் முகமூடியும் கிடைக்குமோ எண்டு தெரியாமல் அனுப்ப நான் ஓமெண்டு சொல்லமாட்டன். என்ர கையெழுத்து இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப ஆஸ்பத்திரி விடாது."

அப்போது நான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "உன்ர தங்கச்சியின்ர பேர் உனக்குப் பாரமாப் போச்சோ?"

நீ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு நமக்குள் குளிரைத் தவிர வேறு பேச்சில்லை.

மலரை வாசிக்கிறவர்களுக்கு ஜெனிற்றாவைத் தெரியாது. அப்பா எங்களுக்கு முன்னால் தனியே டென்மார்க்குக்கு வந்தவர். நாங்கள் மூன்று பேரும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். எங்களைக் கூப்பிட அப்பா மனுப் போட்டார். ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. கடிதத்துக்குப் பதிலாக அப்பா கசெற்றில் பேசி அனுப்புவார். அதில் கடைசியாக இரண்டு டேனிஷ் சொல் இருக்கும். ஜெனிற்றா கசெற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டு அதைப் பாடமாக்குவாள். கடைக்காரர் மிட்டாய் கொடுத்தால் "தக்" என்பாள். நன்றி என்று அர்த்தம். அவர், "பிள்ளை, கோழி கொத்தின மாதிரி என்ன தக்குத் தக்கெண்டு?" என்பார். அவளுக்கு அப்பாவின் முகம் இருந்தது. அப்பாவின் தொய்வும் இருந்தது.

ஒரு நாள் காலையில் அவளுக்கு இழுப்புத் தொடங்கியபோது ஊரடங்கு. நீ அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றி, நான் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி, எப்படியோ ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே நின்றவர்கள் எங்களைப் போலவே பயந்த சனங்கள். இதே மாதிரி ஒரு மெசின் அங்கே இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்தது. அது வந்த நாளில் மாலை போட்டு, சுவாமியார் தீர்த்தம் தெளித்து, படமும் எடுத்தார்களாம். பிறகு தையல் பூப் போட்ட துணியால் மூடி, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பழுதாகிவிடக் கூடாதே என்று. திறப்பு, அந்தச் சாவி, சாமான் அறைக்குப் பொறுப்பானவரிடம். அவர் ஊரடங்கில் வீட்டில். அங்கே தாதியாக நின்ற மிஸ்ஸி சின்னப் பெண். "அலுமாரியை உடைச்சால் நாங்கள் தான் பதில் சொல்ல வேணும், அம்மா" என்று அழுதாள். டாக்டர் ஊசி போட்டார். நீ கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாய். அந்த மிஸ்ஸி விசிறியால் விசிறியபோது ஜெனிற்றா அவளுக்கும் "தக்" சொன்னாள். மத்தியானத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

மெசின் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது.

அதற்குப் பிறகுதான் டென்மார்க்கிலிருந்து அனுமதி வந்தது. மூன்று பேருக்கும் வந்தது. அவள் பெயரையும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். விமான நிலையத்தில் உன்னையும் என்னையும் பார்த்த அதிகாரி, மூன்றாவது ஆள் எங்கே என்று கையால் கேட்டார். நானும் கையால்தான் சொன்னேன்.

இந்தக் குளிர்காலத்தில் ரெலிவிஷனில் அந்த மனுக்களின் கதை முழுவதும் வந்தது. எங்களைப் போன்றவர்களின் மனுக்களை வேண்டுமென்றே அசையாமல் வைத்திருந்தார்கள் என்று விசாரித்துச் சொன்னார்கள். அதனால் டென்மார்க் அரசாங்கமே பதவி விலகியது. சூசை அண்ணை கேக் வாங்கிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, நீதி கிடைச்சிட்டுது" என்றார். நல்ல மனிதர், சந்தோஷப்படட்டும் என்று வெட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அப்பா, "எங்கடை மனு மேசை லாச்சிக்குள்ளை தான் கிடந்திருக்கு, என்ன" என்றார். நீ எழுந்து கோப்பைகளைக் கழுவினாய். நம் வீட்டில் யாராவது அழ வேண்டி வந்தால் கோப்பை கழுவுவது வழக்கமாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் உன் படிப்பின் கடைசி ஆய்வு வேலைக்காகச் சமையலறை மேசை முழுவதும் தாள்களைப் பரப்பினாய். ஆஸ்பத்திரி மெசின்களை எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் எழுதி வைத்திருக்கிற வழிகாட்டல்கள். டென்மார்க்கினுடையது ஒரு பக்கம், சுவீடனுடையது ஒரு பக்கம், இங்கிலாந்தினுடையது தடித்த கட்டு. லண்டனிலுள்ள ஒரு டாக்டர் மூலம் எடுத்த நம் நாட்டுப் பழைய தாள் கொஞ்சம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். நீ ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்வாய். எனக்குச் சொன்னால் உனக்கே விளங்குகிறது என்பாய். "அம்மா, இஞ்சை மெசினுக்கு நம்பர் குடுத்து, அடுத்தமுறை எப்ப பாக்கிறதெண்டு அதிலையே ஒட்டுவினம். இங்கிலாந்துக்காரர், பழகின ஆள்தான் தொடலாமெண்டு எழுதியிருக்கினம். சுவீடன்காரர், பிழை நடந்தால் மறைக்காமல் சொல்லு எண்டு எழுதியிருக்கினம்." அந்தத் தேதித் துண்டு எனக்குத் தெரியும் என்றேன். நான் துப்புரவு வேலை செய்கிற வயோதிபர் இல்லத்தில், ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்குகிற மெசினில் அது இருக்கிறது. தினமும் மருந்துத் தண்ணீர் போட்டுத் தேய்க்கிறேன் என்றேன். நீ தலையில் கை வைத்தாய். "ஐயோ அம்மா, தேதி அழிஞ்சால் அந்த மெசினை வேலையாலை எடுத்திடுவினம். உங்கடை துப்புரவாலை கிழவி கட்டிலிலை தான் கிடப்பா." அன்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம். நினைவிருக்கிறதா?

பிறகு நம் நாட்டுத் தாளைக் கேட்டேன். நீ படித்துக் காட்டினாய். பொருளைப் புத்தகத்தில் பதிவது, பொறுப்பெடுத்தவர் ஒப்பமிடுவது, தொலைந்தால் யார் பதில் சொல்வது, உடைந்தால் யார் பதில் சொல்வது. "அதிலை நல்லதும் கிடக்கு அம்மா. ஒரு சாமானும் களவு போகாது" என்றாய். நான் ஒன்று கேட்டேன். "உதுகளிலை எந்த நாட்டிலையாவது, திறப்பு எங்கை வைக்கிறதெண்டு எழுதிக் கிடக்கோ?" நீ எல்லாத் தாளையும் புரட்டினாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "இஞ்சத்தையதிலை திறப்பைப் பற்றி ஒண்டுமில்லை அம்மா. வருத்தக்காரருக்குப் பக்கத்திலை மெசின் நிக்க வேணும் எண்டுதான் கிடக்கு." நான் வெங்காயத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன்.

இவ்வளவும் கேட்டவள்தான் அந்த மண்டபத்தில் தகட்டோடு நின்றேன். நீ சொன்னதை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. நீ போன மறுநாள், உன் அறையைக் கூட்டிவிட்டுப் படுக்கையறைக்கு வந்து, அலுமாரிக் கதவில் நான் மாதா படம் ஒட்டி மறைத்திருந்த ஓட்டையைப் பார்த்தேன். படத்தின் ஒரு மூலை கழன்று தொங்கியது. அப்போதுதான் விளங்கியது.

அந்த ஓட்டையின் கதை வீட்டுக்குள் நாம் கதைக்காத கதை. அப்பாவின் தொய்வு கூடியபோது ஆஸ்பத்திரி அவருக்கும் ஒரு மெசினை இரவலாகத் தந்தது, வீட்டில் வைத்துப் பாவிக்க. எவ்வளவு நல்ல மெசின். கீறல் விழக்கூடாது, தூசி படக்கூடாது, திருப்பிக் கேட்கும்போது புதிதுபோலக் கொடுக்க வேண்டும், தமிழ்ச் சனம் சாமானைப் பழுதாக்கிப் போட்டினம் என்று ஒரு சொல் வரக்கூடாது. அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் துவாய் சுற்றி, பாலன் பிறந்த நத்தாருக்கு மட்டும் எடுக்கிற கோப்பைகளோடு அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பை என் கைப்பைக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம் அப்பா கட்டிலில் இருந்தபடி சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். உதடு நீலமாகியது. நீ கத்தினாய்: "மெசின் எங்கை?" அலுமாரிக்குள் என்றேன். "திறப்பு எங்கை?"

கைப்பையை, எங்களைப் பூசைக்கு ஏற்ற வந்த சூசை அண்ணையின் காரில் விட்டிருந்தேன். அவர் பெற்றோல் அடிக்கப் போயிருந்தார்.

நீ ஸ்க்ரூட்ரைவரைக் கொடுத்து நெம்பிப் பூட்டையே கழற்றி எறிந்தாய். கோப்பைகள் உடைந்தன. துவாயை அவிழ்க்க என் கை ஓடவில்லை, நீதான் கிழித்தாய். அப்பாவுக்கு மூச்சு வந்தது. முதல் வந்த பேச்சு, "நத்தார்க் கோப்பையோ உடைஞ்சது? நல்லதாப் போச்சு, இனியாவது எங்களுக்குத் தேத்தண்ணி கிடைக்கும்" என்பதுதான். நீ சிரிக்கவுமில்லை, என்னைக் குற்றம் சொல்லவுமில்லை. அன்றைக்குச் சொல்லாததை அந்த மண்டபத்திலும் நீ சொல்லவில்லை. "அம்மா, நீங்களே பூட்டினனீங்கள் தானே" என்று எல்லாருக்கும் முன்னால் ஒரு வசனம் போதும், நான் வாயடைத்திருப்பேன். உன் தங்கையின் பெயரால் நான் உன்னைக் குத்தியபோதும் அந்த வசனத்தை நீ எடுக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டுப் போனாய். ராசா, அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டவள்.

நான் ஏன் பூட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். கெட்ட மனத்தால் இல்லை. அரியது கிடைத்தால் ஒளித்து வைத்துப் பழகிய சனம் நாங்கள். போரில் எது எப்போது போகும் என்று தெரியாது. பழுதானால் இன்னொன்று வராது. எனக்குப் பூட்டு என்றால் பாசம். அந்தச் சாமான் அறைக்காரரும் அப்படித்தான் இருந்திருப்பார். இத்தனை காலமும் அவரை நான் மன்னித்ததில்லை. சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் மற்றவற்றைச் சொல்வேன். மாதா படத்தின் மூலை தொங்கிய அன்றைக்கு, அவருடைய திறப்பும் என்னுடைய திறப்பும் ஒன்றாகத் தெரிந்தது. அவரை மன்னித்துவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லவில்லை. அவரை நினைக்கும்போது இப்போது ஒரு மனிதனின் முகம் வருகிறது. அவ்வளவுதான்.

அதனால் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன். நீ இனி ஓடென்சவிலும் வேறெங்கும் மெசின்களுக்கு விதி எழுதுகிறவர்களோடு இருப்பாய். நாடுகளை ஒப்பிடும்போது நம் நாட்டுத் தாளைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். நீ அவர்களோடு சேராதே. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்ன மிஸ்ஸியின் கையை நினைத்துக்கொள். உடைத்தால் தண்டனை என்று மட்டும் எழுதினால் நல்லவர்களும் பூட்டத்தான் செய்வார்கள். இங்கத்தைய விதி நல்லது என்று நீ சொல்வாய், நானும் ஓம் என்பேன். ஆனால் இதே நாட்டில்தான் எங்கள் மனு லாச்சிக்குள் கிடந்தது. மெசினைப் பூட்டாத ஊரிலும் தாளைப் பூட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு நாட்டையும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உனக்குப் பிடிக்காது. குழாய் இருக்கிறதா, முகமூடி இருக்கிறதா, பழகிய ஆள் இருக்கிறாரா என்று நீ கேட்டது சரி. ஆனால் எல்லாம் சரிவரட்டும் என்று அந்த மூன்று மெசின்களையும் மண்டபத்துச் சாமான் அறையில் எத்தனை காலம் வைத்திருப்பாய்? அந்த அறைக்கும் பூட்டு இருக்கிறது, ராசா. அங்கே இந்த நேரமும் ஒரு பிள்ளைக்கு இழுக்கும்.

நேற்று நான் சூசை அண்ணை வீட்டுக்குப் போனேன். "என்ன தங்கச்சி, தகடு ஒட்டப் பசை வேணுமோ?" என்றார். "தகடு ஒட்டப்போறேல்லை அண்ணை" என்றேன். அவர் கேட்டார்: "உவன் உமக்கு ரெலிபோனிலை வகுப்பு எடுத்தவனோ?" "இல்லை. அலுமாரி எடுத்தது" என்றேன். விளங்கப்படுத்தினேன். காரில் கிடந்த கைப்பை அவருக்கும் நினைவிருந்தது. மருந்தகத்துச் சிஸ்ரருக்கு அவர் அன்றே கடிதம் எழுதினார், யார் பழகப் போகிறீர்கள், பெயரைச் சொல்லுங்கள் என்று. குழாயும் முகமூடியும் எங்கே வாங்கலாம் என்று நீ எழுதி அனுப்பு. பங்குச் சனம் கேக் வாங்கச் செலவழிக்கிற காசை இதற்குச் சேர்க்கட்டும். எப்படி ஓட்டுவது, எப்படிக் கழுவுவது, நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது என்று தமிழில் ஒரு தாள் எழுது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குச் சொன்னாயே, அந்தத் தமிழில் எழுது. எழுதி முடித்துக் கையெழுத்தைப் போடு. போடாமல் வைத்திருக்காதே.

அந்தத் தாளில் முதல் வரியை மட்டும் நான் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மெசினுக்கு மேலே, தகடு ஒட்ட நினைத்த அதே இடத்தில் ஒட்டு: "இதைப் பூட்டி வைக்க வேண்டாம். பழுதானால் யாரும் கோபிக்கமாட்டோம். எழுதுங்கள், திருத்தித் தருவோம்." கோபிக்கமாட்டோம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

தகடு எங்கே என்று கேட்பாய். இன்று காலை அப்பாவிடம் சுத்தியலும் சின்ன ஆணிகளும் கேட்டேன். மாதா படத்தைக் கழற்றி, தகட்டை அலுமாரிக் கதவில் நீ நெம்பிய ஓட்டை மறையும்படி வைத்து, அவரைக் கொண்டே அடிப்பித்தேன். அடித்தது கொஞ்சம் சரிவாக வந்துவிட்டது. "திருப்பி அடிக்கவோ?" என்றார். வேண்டாம் என்றேன். அப்பாவின் மெசின் இப்போது கீழ்த்தட்டில், துவாய் இல்லாமல் இருக்கிறது. காலையிலிருந்து நான் துணி மடித்து வைக்கிறபோதெல்லாம் அவள் பெயர்த் தகட்டின் விளிம்பில் விரலை வைத்து இழுக்கிறேன். கதவு திறக்கிறது.

உன் அம்மா